அஞ்சலை அக்காவின் வீடும் மூன்று புரோகிராம்களும்

சென்ற மாதம் ஈப்போவுக்குப் பக்கத்தில் குனோங் ராபாட்டில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தேன். எனக்கு ஒதுக்கிய மேசையில் ஒரே கம்பெனியில் சாப்ட்வேர் வேலை பார்க்கும் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு வருவதற்கு முன் சண்டை வந்துவிட்டது. ஒருவன் எழுதிய புரோகிராம் இன்னொருவன் புரோகிராமுக்கு அனுப்பிய விவரத்தில் ஏதோ ஒன்று வழியில் காணாமல் போயிருக்கிறது. "நான் அனுப்பிட்டேன்லா" என்றான் ஒருவன். "எனக்கு வரலியே மச்சான்" என்றான் மற்றவன். மூன்றாமவன் கோழி வருகிறதா என்று சமையல்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. இயந்திரம் சுருங்கிச் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது, சண்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் சிரிப்பதைப் பார்த்த ஒருவன் கேட்டான். "அங்கிள், நீங்களும் இந்த வேலைதானே பாத்தீங்க? ஒங்க காலத்துல இப்படி ஏதாச்சும் தொலைஞ்சிருக்கா?"

"தொலைஞ்சிருக்கு தம்பி. நாங்க தொலைச்சது ஒரு பொம்பளைய."

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆனால் அதற்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் படம் பிடிக்க மேசைக்கு வந்துவிட்டார்கள், பேச்சு அத்தோடு அறுந்தது. பாதியில் விட்ட கதை வீட்டுக்கு வந்தபிறகும் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பையும் பயிற்சியையும் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அப்பா பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டினார். ஐந்தாம் படிவம் முடித்து, எழுபதுகளின் நடுவில் ஈப்போவில் ஓர் ஈயக் கம்பெனியில் சேர்ந்தேன். கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் அட்டைகளில் துளை போடும் வேலை. விரல் மரத்துப்போகும்வரை துளை போட்டேன். மாலை வகுப்பில் கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டேன். ஈய விலை விழுந்தது, கம்பெனி படுத்தது, நான் வெளியே வந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் மேடம் லியோங்கிடம் வந்து சேர்ந்தேன். என் உண்மையான பயிற்சி அங்கேதான் ஆரம்பமானது.

ஈப்போ பழைய டவுனில் ஒரு மாடி. கீழே மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, மேலே நாங்கள். மேடம் லியோங்தான் கம்பெனியை நடத்தினார். ஐம்பதை நெருங்கும் சீனப் பெண்மணி. கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன் ஒரு பார்சல் லாரிக் கம்பெனியின் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்திருந்தவர். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். கத்த மாட்டார், பாராட்டவும் மாட்டார். ஏதாவது காணாமல் போனால் யார் தவறு என்று ஒருநாளும் கேட்டதில்லை. "யார் கையில் கடைசியாக இருந்தது? யார் கைக்குப் போயிருக்க வேண்டும்?" இந்த இரண்டு கேள்விகள்தான். கவுண்டர் பழக்கம். அவர் பேசியது ஆங்கிலமும் பாசார் மலாய் என்கிற கடைத்தெரு மலாயும் கலந்தது. நான் தமிழில் தருகிறேன்.

தோட்டங்களுக்குச் செக்ரோல் புரோகிராம் செய்து விற்பது எங்கள் பிழைப்பு. செக்ரோல் என்றால் தோட்டத்துத் தொழிலாளர்களின் பெயர்ப் பதிவு. அது கோபோலில் எழுதியது, என் பொறுப்பு. அது தவிர, வாடிக்கையாளர் கேட்கிற சின்னச் சின்ன வேலைகளை பேசிக் என்ற இன்னொரு மொழியில் சந்திரா எழுதுவாள். சந்திரா தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் பெண். சுறுசுறுப்பானவள், பக்தி கொஞ்சம் அதிகம். அவளுடைய கம்ப்யூட்டர் தலையில் எப்போதும் ஒரு துளி விபூதி இருக்கும். நாங்கள் இருவரும் எழுதியதைச் சேர்த்து ஓட்ட மேடம் மூன்றாவதாக ஒன்று எழுதுவார். சில வரிகள்தான் இருக்கும். முதலில் சேகர் புரோகிராமைக் கூப்பிடு, அது முடிந்ததும் சந்திரா புரோகிராமைக் கூப்பிடு என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடுகிற ஸ்கிரிப்ட். சேகர் என்றால் நான்.

தொல்லை என்னவென்றால் கோபோலும் பேசிக்கும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாது. பேச்சு விட்டுப்போன சம்பந்திகள் பலகாரத் தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது போல, என் புரோகிராம் பெயர்களை ஒரு ஃபைலில் எழுதி மூடிவிட்டுப் போய்விடும். சந்திராவின் புரோகிராம் வந்து அதைத் திறந்து படித்துக்கொள்ளும். தட்டில் என்ன வைத்தோம், என்ன எடுத்தோம் என்று இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாது. அதனால்தான் மேடம் ஓர் ஒத்திகை வைத்திருந்தார்.

டிஸ்கெட்டுகளில் நகல் எடுத்து, லேபிள் ஒட்டி, பெட்டியில் போட்டு மூடுவதற்கு முன் எங்களை நீள மேசையில் வரிசையாக உட்காரவைப்பார். "நான் ஸ்கிரிப்ட். சேகர், நீ கோபோல். சந்திரா, நீ பேசிக். ஆரம்பிக்கலாம்லா." மேடம் கூப்பிட்டதும் என் புரோகிராம் செய்வதை நான் கையால் செய்யவேண்டும். பெயர்களைக் காகிதத்தில் எழுதி, "கொடுத்தேன்" என்று சொல்லி நீட்டவேண்டும். சந்திரா வாங்கி, "வாங்கினேன்" என்று சொல்லி, என்ன வாங்கினாள் என்று வாசிக்கவேண்டும். ஓர் எழுத்து நகர்ந்தாலும் பெட்டி மூடப்படாது. நடுவில் யாராவது "அது போயிருக்கும் மேடம்" என்றால் தீர்ந்தது. "பார்த்தாயா?" என்பார். பார்க்கவில்லை என்றால் கீழே போய் எல்லாருக்கும் தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் டீ, வாங்கிவர வேண்டும். முதல் வருடம் மாமாக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே மூன்று கிளாஸ் எடுத்துவைப்பார். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த மேசையில் எத்தனையோ தவறுகளைப் பிடித்திருக்கிறோம், அதை மறைக்கக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பீடோருக்கு அந்தப்பக்கம் ஒரு தோட்டம். பழைய லயத்து வீடுகளை இடித்துவிட்டு, சாலையோரமாக வரிசை வீடுகள் கட்டித் தொழிலாளர் குடும்பங்களுக்கே கொடுப்பதாக நிர்வாகம் முடிவு செய்தது. அறுபது குடும்பம், அறுபது வீடு. எல்லாருக்கும் வீடு உண்டு. எந்த வீடு யாருக்கு என்பதில்தான் பிரச்சினை. முதல் வீடு பெரிய சாக்கடைக்கு ஒட்டினாற்போல் இருந்தது. கடைசி வீடு, அறுபதாவது, மூலை வீடு. பக்கவாட்டில் முக்கோணமாக நல்ல நிலம். முருங்கை வைக்கலாம், மாடு கட்டலாம், மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போடலாம். அந்த ஒரு வீட்டுக்காகத் தோட்டமே இரண்டுபட்டுக்கொண்டிருந்தது. மேனேஜர் பார்த்தார். ஆளைத் தேர்ந்தெடுத்தால் சண்டை வரும், கம்ப்யூட்டரே குலுக்கட்டும் என்று எங்களைக் கூப்பிட்டார்.

வேலை சுலபம். என் செக்ரோல் ஏற்கெனவே அந்தத் தோட்டத்து கம்ப்யூட்டரில் இருந்தது. அதிலிருந்து வீட்டுக்குப் பெயர் கொடுத்தவர்களை, குடும்பத்துக்கு ஒருவராக, எடுத்து ஃபைலில் எழுத ஒரு சின்ன கோபோல் புரோகிராம் நான் செய்தேன். பெயர்களைக் குலுக்கி, முதல் வீட்டிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் போட்டு அச்சடிக்கும் புரோகிராமை சந்திரா பேசிக்கில் செய்தாள். மேடம் இரண்டையும் கோத்தார். உண்மையான பெயர்கள் தோட்டத்தில் இருந்ததால், சந்திரா தன் சொந்தக்காரர் பெயர், காய்கறிப் பெயர் எல்லாம் தட்டிப் போட்டு அறுபது சேர்த்து அவள் பகுதியைச் சோதித்தாள். வெண்டைக்காய்க்கு மூலை வீடு கிடைத்தது. பிறகு மேசை ஒத்திகை. நான் எழுதிக் கொடுத்தேன், அவள் வாங்கிப் படித்தாள், ஒன்றும் சிந்தவில்லை. மேடம் தலையாட்டினார். பெட்டியை ஒட்டினோம்.

குலுக்கல் ஒரு சனிக்கிழமை காலை, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில். கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் ஆபீசிலிருந்து லாரியில் கொண்டுவந்து மேடையில் வைத்திருந்தார்கள். திருவிழாக் கூட்டம். டிஸ்கெட்டைப் போட்டு, மேடம் ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டார். பிரிண்டர் கரகரவென்று ஆரம்பித்ததும் மண்டபம் கப்பென்று அடங்கியது. தோட்டத்து கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, ஒவ்வொரு வரியாக மைக்கில் வாசித்தார். முதல் வீடு, சாக்கடை ஓரம், வீராசாமிக்கு. லாரி டிரைவர். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அடுத்தடுத்து பெயர்கள் வந்தன, கைத்தட்டல் வந்தது. ஐம்பத்தொன்பதாவது வீட்டை வாசித்துவிட்டு கிராணி காத்திருந்தார். பிரிண்டர் காகிதத்தைத் தள்ளிவிட்டு நின்றுபோனது.

மூலை வீட்டுக்குப் பெயர் இல்லை.

கிராணி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். கூட்டத்தில் யாருக்குப் பெயர் வரவில்லை என்று கேட்டதில் ஒரே ஒரு கை உயர்ந்தது. அஞ்சலை அக்கா. ஐம்பது வயதிருக்கும். இருபது வருடத்துக்கு மேலாக அங்கே பால் மரம் வெட்டி ரப்பர் பால் இறக்குகிறவர். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள் ஈப்போவில் ஃபேக்டரி வேலையில் இருந்தாள்.

மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சின்ன விஷயம்லா. ஒரு ஆள் பாக்கி, ஒரு வீடு பாக்கி. அந்த வீட்ட அந்தம்மாவுக்குப் போடு. கணக்கு சரியாப் போச்சு."

கணக்கு என்னவோ சரிதான். ஆனால் கூட்டத்தில் வீராசாமி எழுந்து நின்றுவிட்டார். "குலுக்காமயே மூலை வீடா? அப்ப நாங்கல்லாம் காலையிலருந்து எதுக்குலா உக்காந்திருக்கோம்?"

பின்னாலிருந்து ஒரு குரல், "கிராணிக்கு அவங்க ஏதோ சொந்தமாம்" என்றது. இன்னொன்று, "தனியா இருக்குற பொம்பளைக்கு எதுக்கு அவ்வளவு எடம்?" என்றது. கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்க அதே பேச்சு. ஏதோ உள்ளடி வேலை நடந்திருக்கிறது, அந்தம்மாவுக்காக யாரோ கம்ப்யூட்டரைச் சரிக்கட்டிவிட்டார்கள் என்று அரைமணி நேரத்துக்குள் ஊரே நம்பிவிடும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. தோட்டத்தில் பிறந்தவன் நான். அங்கே ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அது அந்த ஆள் சாகும்வரை கூடவே வரும்.

அஞ்சலை அக்கா எழுந்தார். மூலை வீடு கிடைத்த சந்தோஷம் முகத்தில் துளியும் இல்லை.

"கிராணி எனக்கு சொந்தமுமில்ல பந்தமுமில்ல. எல்லாரும் பேரு குடுத்தப்ப நானும் குடுத்தேன், அவ்வளவுதான்." பிறகு கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துத் திரும்பினார். "தம்பி, நாங்க சீட்டுக் குலுக்கினா அவங்கவங்க சீட்ட அவங்கவங்களே பால் டின்னுக்குள்ள போடுவோம். கண்ணால பாப்போம். இதுல யாரும் எதையும் பாக்கல. நீங்களே சொல்லுங்க. என் பேரு உள்ள போச்சா, போவலியா?"

மேனேஜர் என்னை முறைத்தார். "போயிருக்கும்" என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தனை கிளாஸ் தே தாரிக் வாங்கிக் கொடுத்தது வீண்போகவில்லை, அந்தச் சொல் வெளியே வரவில்லை.

"தெரியலக்கா. பாத்துட்டு வந்து சொல்றேன்."

"பாருங்க. நான் இங்கதான் இருக்கேன்." கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் மேடத்தைத் தனியே அழைத்துப் பேசினார். தலைமை ஆபீசுக்கு இன்றே பட்டியல் போகவேண்டும், கடைசி வரியில் கையால் ஒரு பெயர் எழுதினால் வேலை முடிந்தது, ஏன் வீண் சிரமம், ஏன் சூசாப்படுகிறீர்கள் என்றார். மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கையால் எழுதிய பெயரை அடுத்து வரும் மேனேஜர் கையாலேயே அடிக்க முடியும், இல்லையா?" "கொஞ்ச நேரம் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு மேடம் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வகுப்பறைக்குப் போனார்.

இரண்டாம் வகுப்பு. நாற்காலிகள் முழங்கால் உயரம்தான். ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே தலை மேல் தலை. கம்ப்யூட்டரை நோண்டுவோம் என்று பார்க்க வந்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். மேடம் ஒரு வரைதாளை எடுத்து என் முன் வைத்தார்.

"நான் ஸ்கிரிப்ட். கோபோல், உன்னைக் கூப்பிடுகிறேன்."

வெட்கத்தில் காது சூடானது. இருந்தாலும் பென்சிலை எடுத்தேன். செக்ரோல் வரிசைப்படி முதல் ஐந்து பெயர்களை எழுதினேன். முதல் பெயர் அஞ்சலை அக்காவுடையதுதான், செக்ரோலில் ஒன்றாம் நம்பர் அவர். "கொடுத்தேன்."

"வாங்கினேன்" என்றாள் சந்திரா.

"எத்தனை பேர்?"

"அஞ்சு பேர் மேடம்."

"முதல் ஆள்?"

"அஞ்சலை."

ஒன்றும் தொலையவில்லை. காகிதத்தில் இருக்கிறார், கம்ப்யூட்டரில் இல்லை. மேடம் இன்னொரு தாள் வைத்தார். இன்னொரு முறை செய்தோம். மறுபடியும் அஞ்சலை அக்கா பத்திரமாக வந்துசேர்ந்தார். வேலை போய்விடும் என்ற பயம் சந்திராவுக்கு. வீட்டில் அவள் சம்பளத்தை நம்பித் தம்பி தங்கைகள் இருந்தார்கள்.

மேடம் மட்டும் அவசரப்படவில்லை. குனிந்து தாளைப் பார்த்தார். "சந்திரா, விரலை வைத்துப் படி. தாளின் உச்சியிலிருந்து."

சந்திரா அஞ்சலை என்ற பெயரில் விரலை வைத்தாள்.

"உச்சியிலிருந்து என்றேன். அதற்கு மேலே என்ன இருக்கிறது?"

"மேல ஒண்ணுமில்லையே மேடம்."

"ஒன்றுமில்லாததை சேகர் ஏன் எழுதியிருக்கிறான்?"

நாங்கள் இருவரும் பார்த்தோம். தாளின் மேல் நடுவில், நான் எழுதியதே எனக்குத் தெரியாமல், ஒரு பிள்ளையார் சுழி இருந்தது. முதல் தாளை எடுத்துப் பார்த்தோம், அதிலும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளில் ஆரம்பித்த பழக்கம். கடைக்குச் சாமான் எழுதினாலும் மேலே சுழி போட்டுவிட்டுத்தான் உப்பு, புளி. கை தானாகப் போட்டுவிடுகிறது. சந்திராவின் கண்ணும் தானாகத் தாண்டிவிடுகிறது. எங்கள் இருவருக்கும் அது எழுத்தே இல்லை. இத்தனை நாள் ஒத்திகையிலும் மேடம் அதைப் பார்த்திருக்கிறார். ஏதோ டிக் அடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தாராம்.

"இது பிள்ளையாருக்கு மேடம். எதை எழுதினாலும் முதல்ல அவருக்குத்தான்."

"சரி. உன் புரோகிராம் அவருக்கு எழுதுமா?"

"இல்ல மேடம். புரோகிராம் பேரை மட்டும்தான் எழுதும்."

மேடம் சந்திரா பக்கம் திரும்பினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என் புரோகிராம்ல எந்த ஃபைல் எழுதினாலும் முதல் வரி சாமிக்கு விட்டுடுவேன் மேடம். ஓம்னு இருக்கும். படிக்கிறப்ப அந்த ஒரு வரியத் தாண்டி, ரெண்டாவது வரியிலருந்துதான் படிக்கச் சொல்லியிருக்கேன்."

வெண்டைக்காயும் சொந்தக்காரர்களும் ஒழுங்காக வீடு வாங்கியது எப்படி என்று இப்போது விளங்கியது. அந்த ஃபைலை எழுதியவளும் அவள்தான், படித்தவளும் அவள்தான். மேசை ஒத்திகையில் என் கை சுழி போட்டது, அவள் கண் தாண்டியது, அதுவும் பொருந்திப்போனது. என் பழைய ஃபைல்களில் முதல் வரி வெறும் தலைப்பு, தாண்டினாலும் ஒன்றும் தொலையாது; இதில் தலைப்பு வைக்கவில்லை. என் கோபோலுக்குத்தான் பக்தி இல்லை. அது முதல் வரியிலேயே ஒன்றாம் நம்பரை எழுதியது. சந்திராவின் புரோகிராம் அந்த வரி சாமிக்கு என்று நினைத்து மரியாதையாகத் தாண்டிப் போய்விட்டது.

மேடம் அந்தக் குட்டி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அந்தப் பிள்ளையார் இந்தத் தோட்டத்தில் வீடு கேட்டு மனுப் போட்டிருக்கிறாரா?"

"இல்ல மேடம்."

"பிறகு ஏன்லா அவருக்கு இடம் ஒதுக்கி, மனுப் போட்ட அம்மாவை வெளியே நிறுத்தினீர்கள்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சந்திராவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. கோபோலை மாற்றவேண்டுமானால், அதைத் திரும்ப மொழிபெயர்த்துக் கொடுக்கும் மென்பொருள் இருக்கிற ஈப்போவுக்குத்தான் போகவேண்டும். பேசிக்கை அங்கேயே திருத்தலாம். "தாண்டுகிற வரியை அழித்துவிடு" என்றேன் நான். சந்திராவின் விரல் விசைமேல் நின்றது, அழுத்த மனம் வரவில்லை. மேடம் அதைப் பார்த்துவிட்டார்.

"அழிக்க வேண்டாம். முதல் வரி பிள்ளையாருக்கே இருக்கட்டும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்ற எண்ணிக்கை அவர் பொறுப்பு."

அவருடைய ஸ்கிரிப்ட்டில் இரண்டு வரி சேர்த்தார். என் புரோகிராம் எழுதிய பெயர்களுக்கு முன்னால் ஓர் எண்ணை எழுதி ஒட்டவைக்கும் வரிகள். சந்திரா, முதல் வரியைத் தாண்டுவதற்குப் பதிலாக அந்த எண்ணைப் படித்து, பின்னால் வருகிற பெயர்களை எண்ணி, பொருந்தாவிட்டால் குலுக்கவே மாட்டேன் என்று நிற்கும்படி மாற்றினாள். மூன்று மொழிக்கும் பொதுவாக ஓர் ஆள் காவலுக்கு நின்றுவிட்டார்.

கம்ப்யூட்டரைச் சரிசெய்தாயிற்று. மனிதர்கள் பாக்கி. மறுபடியும் குலுக்கவேண்டும் என்று யார் சொல்வது? நான் சொல்கிறேன் என்று சந்திராவே மைக்கை வாங்கினாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். முதல் வரியைச் சாமிக்கு விட்டது, அந்த வரியில் அஞ்சலை அக்கா உட்கார்ந்திருந்தது, எல்லாம். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. பிள்ளையார் சுழி போடாத கை அந்த மண்டபத்தில் இல்லை, அதனால் கோபம் வரவில்லை. கிராணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் நல்ல வீடு கிடைத்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். "அதான் புரிஞ்சு போச்சே. அந்தக்காவுக்கே மூலை வீட்டக் குடுத்துடுங்க. எங்க வீட்ட ஏன் மறுபடி குலுக்கணும்?" வீராசாமி மட்டும் உடனே குலுக்கச் சொன்னார். சாக்கடையிலிருந்து தப்பிக்க அவருக்கு வேறு வழி இல்லை. பேச்சு தடித்துக்கொண்டே போனது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அஞ்சலை அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "மூலை வீடு இப்ப எங்கிட்ட இருக்கு. மேனேஜர் தொரையே குடுத்துட்டாரு. அத நான் டின்னுக்குள்ள திருப்பிப் போடுறேன். ஒங்க வீட்டப் போடுறதுக்கு ஒங்களுக்கு என்ன கஷ்டம்?"

மறுபடி குலுக்குவதென்று முடிவாயிற்று.

எண்ணிக்கையை எங்கிருந்து எடுப்பது என்று கிராணி கேட்டதற்கு, "இங்கிருந்துதான்" என்று மேடம் கூட்டத்தைக் காட்டினார். குடும்பத்துக்கு ஒருவர் எழுந்து நிற்கவேண்டும், பெயர் சொல்லவேண்டும், கிராணியும் மேனேஜரும் தனித்தனியே எண்ணவேண்டும். அறுபது. அந்த எண்ணை அவர்கள் கண்முன்னால் மேடம் தட்டினார். ஸ்கிரிப்ட் ஓடியது. குலுக்குவதற்கு முன் திரையில் ஒரு வரி வந்தது. அதை நான் உரக்க வாசித்தேன். "வரவேண்டியவர்கள் அறுபது, வந்தவர்கள் அறுபது." அதற்கு விழுந்த கைத்தட்டல் எந்த வீட்டுக்கும் விழவில்லை.

மூலை வீடு புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்குப் போனது. அவர்கள் மேல் யாருக்கும் பொறாமை இல்லை. அஞ்சலை அக்காவுக்கு வரிசையின் நடுவில் ஒரு வீடு. இரண்டு பக்கமும் சுவர், பக்கவாட்டு நிலம் கிடையாது, பின்வாசல் வழியாக ரப்பர் பால் ஸ்டோரின் வாடை வரும். வீராசாமிக்குச் சாக்கடை தப்பியது. ஆனால் அவருக்குக் கிடைத்தது அஞ்சலை அக்காவுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். கூட்டம் அதற்கு எவ்வளவு சிரித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து எங்கள் கம்பெனியிலிருந்து போன எந்தப் பெட்டியிலும், ஒரு புரோகிராம் இன்னொன்றுக்கு எழுதுகிற ஃபைலின் முதல் வரியில் எண்ணிக்கை இருந்தது. ஒத்திகை மேசையில் மேடம் இன்னொரு விதியும் சேர்த்தார். காகிதம் போதாது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் கம்ப்யூட்டரிலேயே வாங்கிக் காட்டவேண்டும். நான் அங்கே நிறைய வருடம் இருந்தேன். பிறகு வேறு பெரிய இடங்களிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். பெரிய இடங்களில் இதற்குப் பெரிய பெயர்கள் வைத்திருந்தார்கள். எனக்கு வேலை பிடித்திருந்தது. காலையில் எழுந்து போக ஒருநாளும் அலுப்பாக இருந்ததில்லை. எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கும் என்று தெரியவில்லை, எனக்கு வாய்த்தது. சந்திரா கோலாலம்பூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். மேடம் காலமாகிவிட்டார். அவரை நினைக்காமல் நான் இன்றுவரை "அது போயிருக்கும்" என்ற சொல்லைச் சொன்னதில்லை.

அந்தத் தோட்டத்தில் புது வீடுகளுக்குச் சாவி கொடுத்த பிறகு நடந்தது ஒன்று பாக்கி. அஞ்சலை அக்கா பால் காய்ச்ச எங்கள் மூவரையும் கூப்பிட்டிருந்தார். மேடம் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். வாசலில் வீராசாமி பெஞ்சு தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கியது. கூட்டம் கொஞ்சம் கலைந்ததும், என் மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மூலை வீடு கைக்கு வந்துச்சே அக்கா. இப்ப நெனச்சா வருத்தமா இல்லியா?"

அவர் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அந்த வீட்டுல இருந்தா தம்பி, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் எப்படிக் கெடச்சிச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். நான் செத்தாலும் எம்மக சொல்லணும். இந்த வீட்டுக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கதவச் சாத்திட்டு நிம்மதியாத் தூங்குவேன்."

என்ன சொன்னார் என்று மேடம் கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். மேடம் பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே போய், அடுப்படித் தரையில் அஞ்சலை அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.